வீட்டுக்கு வந்த புரொபசர்

உக்காருங்க சார். இந்தப் பாலத்துச் சுவர் வெயில் இறங்கி ஆறித்தான் இருக்கு. டயர் பஞ்சர்னு கண்டக்டர் சொல்லுதாரு. எனக்கென்னமோ டயர் இல்லைன்னு தோணுது. டிரைவர் கீழ இறங்கி டயரைப் பாக்காம பீடியைப் பத்த வெச்சாருன்னா அது டயர் இல்ல. பின்னால வர்ற மதுரை பஸ்ல ஏத்தி விடுவாங்க. அது எப்ப வருதோ, அதுல நிக்கவாச்சும் இடம் இருக்குமோ.

நான் கோவில்பட்டிதான் சார். அய்யலுசாமி. இன்சூரன்ஸ் அய்யலுசாமின்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டா வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டுருவாங்க. பயந்துராதீங்க, உங்களைப் பாலிசி போடச் சொல்ல மாட்டேன். முன்னெல்லாம்னா இந்நேரம் உங்க பிள்ளைங்க வயசைக் கேட்டிருப்பேன். இப்ப அதுக்கெல்லாம் தெம்பு இல்ல. ஒரு வருஷமா எதுலயும் தெம்பு இல்ல.

இந்தப் பையைப் பாருங்க. என்னன்னு நினைக்கீங்க? கறிவேப்பிலை. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும். இதை மதுரையில பழங்காநத்தத்துல இருக்கற என் மச்சினன் வீட்டுல கொண்டு போய்க் குடுக்கணுமாம். இன்னைக்கே குடுக்கணுமாம். என் சம்சாரம் வெங்கடேஸ்வரியோட உத்தரவு. "தம்பி பொண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்டா, குடுத்துட்டு அங்கனயே தங்கிட்டு காலையில வாங்க"ன்னுட்டா. மச்சினன் வீட்டு வாசல்லயே முருங்கை மரம் நிக்குது சார். போன தடவை போனப்ப அந்தக் கிளையிலதான் என் துண்டைக் காயப்போட்டேன். அதைச் சொன்னேன். "அந்த மரத்துக் காய் கசக்குதாம்"னுட்டா. முருங்கைக்காய் கசந்து நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

சரி, பொம்பளைங்க வழக்கத்துக்கு நடுவுல நாம எதுக்குன்னு கிளம்பி வந்துட்டேன். வந்த இடத்துல பஸ்ஸும் நின்னுபோச்சு. சாத்தூர்கூட இன்னும் தாண்டல.

மடியில என்ன சார், பிசிக்ஸ் புஸ்தகமா? யாருது? பையனுதா? மதுரை ஹாஸ்டல்ல இருக்கானா, மறந்து வெச்சுட்டுப் போயிட்டானா. அடடா. என்ன படிக்க வைக்கப் போறீங்க? பிசிக்ஸே படிக்கணுங்கானா? வெளிநாட்டுக்குப் போகணுங்கானா? அப்ப நீங்க என் பக்கத்துல உக்காந்தது நல்லதாப் போச்சு. இதை உங்களுக்கு வேற யாரும் சொல்ல மாட்டாங்க.

என் மகளும் பிசிக்ஸ்தான் சார். விந்தியான்னு பேரு. ஒரே பிள்ளை. அமெரிக்காவுல படிக்கா, இது மூணாவது வருஷம். பீஸைக் காலேஜே பாத்துக்கிடுது, அந்த அளவுக்கு மார்க்கு. நான் பெருமைக்குச் சொல்லல. எங்க தெருவுல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க எல்லாம் இஞ்சினீரிங்குன்னு போனப்ப, இவ மட்டும் பிசிக்ஸ்னு நின்னா. அதுல என்ன வேலைம்மா கிடைக்கும்னு கேட்டேன். "லைட்டை அடிச்சு அணுவைக் குளிர வைப்பாங்கப்பா"ன்னா. லைட் அடிச்சா சூடால்ல ஆகணும்னு கேட்டேன். சிரிச்சா. ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு விளக்கிச் சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல, ஆனா அவ கண்ணைப் பாத்துட்டு, போம்மான்னுட்டேன். அப்பல்லாம் எங்கிட்ட அப்படிப் பேசிக்கிட்டிருந்த பிள்ளை சார்.

அங்க ஒரு ஏற்பாடு உண்டு. கோடை லீவு விட்டா ஹாஸ்டலைப் பூட்டிருவாங்க. தங்குறது, திங்கிறது எல்லாம் நாமளே பாத்துக்கிடணும். பிள்ளைங்க அந்த லீவுல ஏதாச்சும் லேப்ல போயி வேலை பழகுவாங்க. அதுக்குப் பேரு இன்டர்ன்ஷிப். அப்படி வேலை பழகினவங்களைத்தான் மேல டாக்டர் பட்டத்துக்குச் சேத்துக்கிடுவாங்களாம். பழகாம வெறும் மார்க்கோட போய் நின்னா, ஓரமா நில்லும்பாங்க. அந்த இன்டர்ன்ஷிப்லயும் சம்பளம் குடுக்கறது, குடுக்காததுன்னு ரெண்டு இருக்கு. நம்ம மாதிரி ஆளுங்க பிள்ளைகளுக்குச் சம்பளம் குடுக்கறதுதான் வேணும். இல்லாட்டி அந்த ஊருல மூணு மாசம் எங்கன தங்குறது?

இவளும் தேடினா. ராப்பகலாத் தேடினா. ஒவ்வொண்ணுக்கும் கட்டுரை எழுதி, வாத்தியார்கிட்டச் சிபாரிசு வாங்கி, எல்லாம் நிரப்பிக்கிட்டே போனா கடைசிப் பக்கத்துல ஒரு கேள்வி வருமாம். நீ இந்த நாட்டுக் குடிமகளா, இல்ல கிரீன் கார்டு இருக்கான்னு. ரெண்டும் இல்லைன்னா அத்தோட முடிஞ்சது. நல்ல நல்ல இடமெல்லாம் அந்த ஊர் சர்க்கார் பணத்துல நடக்குதாம், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் குடுப்பாங்களாம். ரேஷன் கடையில வரிசையில நின்னு, பையை விரிச்சுப் பிடிச்சதுக்கப்புறம் உங்க கார்டு இந்தக் கடை இல்லம்மாம்பான்ல, அந்த மாதிரி. ஏன்டா, அதை முதப் பக்கத்துலயே கேட்டுத் தொலைச்சா என்ன?

போன்ல அழுவா. அழுகையை அடக்கிக்கிட்டுப் பேசுவா, அது எனக்குக் கேக்கும். நான் சொன்னேன், "அம்மாடி, உங்கப்பன் முப்பது வருஷம் வெயில்ல அலைஞ்சவன். நூறு வீட்டுப் படி ஏறணும். பத்து வீட்டுல உக்காரச் சொல்வான். ஒரு வீட்டுலதான் கையெழுத்து விழும். நீ பாட்டுக்கு மெயில் போட்டுக்கிட்டே இரு"ன்னு. போட்டா. ஊர் பேரு தெரியாத புரொபசருக்கெல்லாம் போட்டா. ஒருத்தரும் பதில் போடல. அந்த புரொபசருங்க பிறந்த நாளெல்லாம் கண்டுபிடிச்சு அனுப்பும்மா, நான் ஒரு வாழ்த்து அனுப்பி வைக்கேன்னு சொன்னேன். பாலிசி போட்டவங்களுக்கு வருஷா வருஷம் அனுப்புறதுதானே. "அப்பா, தயவுசெஞ்சு வேண்டாம்"னா. சரின்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. அப்பவே நான் இறங்கியிருந்தா இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

அப்புறம்தான் அந்த ஹென்ட்ரிக்ஸன் வந்தாரு. இன்னொரு காலேஜ்ல புரொபசர். இந்த அணுவைக் குளிர வைக்கறதுதான் அவரு வேலையும். சர்க்கார் பணம் இல்ல, ஏதோ தனி அறக்கட்டளைப் பணம் வெச்சிருக்காரு, அதனால குடிமகளான்னு கேள்வி இல்ல. ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் சம்பளம் குடுக்க முடியும். ரெண்டு பேரைப் பாத்து ஒருத்தரை எடுப்பேன்னு எழுதிட்டாரு. அதுல ஒண்ணு நம்ம பிள்ளை. போன டிசம்பர் லீவுக்கு இவ வீட்டுக்கு வந்திருந்த நேரம். கம்ப்யூட்டர்ல முகம் பாத்துப் பேசணும். நமக்குச் சாயங்காலம் ஏழரை, அவருக்குக் காலையில.

வீடே அல்லோலகல்லோலம். பின்னாடி சுவர்ல காரை பேந்திருக்குன்னு வெள்ளைப் போர்வையைக் கட்டினா. மிக்சி போடாதன்னா. எதுத்த வீட்டு நாயை உள்ள கட்டச் சொல்லி அவங்கம்மாவை அனுப்பினா. சந்தனக் கலர்ச் சட்டையை ரெண்டு தடவை தேய்ச்சா. என்னைப் பாத்து, "அப்பா, நீங்க முன் அறையில இருங்க. முடியற வரைக்கும் உள்ள வராதீங்க"ன்னா. சரிம்மான்னேன். நான் வரணும்னு நினைக்கவே இல்ல சார். சத்தியமா.

முன் அறையில உக்காந்திருக்கேன். உள்ள இவ இங்கிலீஷ்ல பேசுதா. தங்கு தடை இல்லாம அருவி மாதிரி பேசுதா. அந்த மனுசன் சிரிக்கிற சத்தம் கேக்குது. அவரு குரல் என் வீட்டுக்குள்ள கேக்குது சார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு பெரிய மனுசன் நம்ம வீட்டுக்குள்ள வந்து பேசிக்கிட்டிருக்காரு, வீட்டுக்காரன் வெளிய உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கான். நாளைக்கு அவரு என்ன நினைப்பாரு? இந்தப் பிள்ளைக்கு அப்பன் இருக்கானா இல்லையா, இருந்தா ஒரு வாங்கன்னு சொல்ல மாட்டானான்னு நினைக்க மாட்டாரு? தபால்காரர் வந்தாலே தண்ணி குடிக்கீங்களான்னு கேக்கற வீடு எங்க வீடு.

சட்டையைப் போட்டுக்கிட்டு, பிள்ளைக்குத் தொண்டை காஞ்சிருக்கும்னு ஒரு டம்ளர் காபியையும் எடுத்துக்கிட்டு உள்ள போனேன். காபியை வெச்சுட்டு, ஒரு வணக்கம் சொன்னேன். அவ்வளவுதான். அவருதான் கேட்டாரு, இதான் உங்கப்பாவான்னு. நான் குனிஞ்சு முகத்தைக் காட்டினேன். என்ன வேலை பாக்கீங்கன்னாரு. "இன்சூரன்ஸ் சார், தர்ட்டி இயர்ஸ்"னேன். அவரு முகம் மலர்ந்து போச்சு. அவரு மாமா ஒருத்தரும் இன்சூரன்ஸ்தானாம். எனக்குச் சொந்தக்காரனைப் பாத்த மாதிரி ஆயிட்டுது.

இங்கதான் சார் தொழில் தெரிஞ்சவன் செய்யறதைச் செஞ்சேன். எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஆளு யோசிக்கானா, முதத் தவணையை நானே கட்டிருதேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கம்போம். செய்யக் கூடாதுதான், ஆனா எல்லாரும் செய்யறதுதான். கையெழுத்து விழுந்துட்டா மத்தது தானா நடக்கும். ரெண்டு பேருல ஒருத்தர்னு அந்த மனுசன் யோசிக்காரு. நான் சொன்னேன், "சார், சாலரி நோ பிராப்ளம் சார். வித்தவுட் சாலரி ஆல்சோ ஷி வில் வொர்க். ஃபர்ஸ்ட் யூ சீ ஹெர் வொர்க்."

அவரு, "தட்ஸ் வெரி ஜெனரஸ்"னாரு. தாராள மனசுன்னு அர்த்தம். எத்தனை பேரு சார் என்னை அப்படிச் சொல்லியிருக்காங்க? பிள்ளையைப் பாத்து, அப்ப உன் செலவை வீட்டுலயே பாத்துக்கிடுவாங்களான்னு கேட்டாரு. அவ வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். "யெஸ் சார், யெஸ் சார், ஆல் அரேஞ்ச்மென்ட் வி வில் டூ."

விந்தியா "அப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. வெளி ஆளு முன்னாடி அப்பன் சொன்னதை இல்லைங்கற பிள்ளை இல்ல அது. எங்கப்பாகிட்ட அதெல்லாம் கிடையாதுன்னு எப்படிச் சொல்லும்? சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா. நல்ல வளர்ப்பு சார், அதை மட்டும் நான் எங்கயும் சொல்லுவேன்.

அவரு போனதுக்கப்புறம் அப்படியே உக்காந்திருந்தா. காபியைத் தொடல. ஆடை கட்டிப்போச்சு.

"எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க?"ன்னா.

"மரியாதைக்குச் சொன்னேம்மா. அவரு பதிலுக்கு, அதெப்படிங்க, பிள்ளை உழைப்புக்குச் சம்பளம் வாங்கித்தான் ஆகணும்பாரு. நாம வேண்டாம்போம், அவரு கையில திணிப்பாரு. அதானேம்மா முறை."

"அங்க யாரும் திணிக்க மாட்டாங்கப்பா. வேண்டாம்னா வேண்டாம்தான்."

நீங்க சொல்லுங்க சார். வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்டாச்சும்பான். அப்படியான்னு நாம இலையை எடுத்துருவோமா? கையைப் பிடிச்சு உக்கார வைக்க மாட்டோம்? படிச்ச மனுசனுக்கு அது தெரிய வேண்டாமா? நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கிடுதீங்க? அவ அம்மாவும் இப்படித்தான், இந்த இடம் வந்தா தரையைப் பாப்பா.

பதில் வந்துச்சு. இடம் கிடைச்சுட்டுது. கிடைச்சுட்டுது சார், அதைக் கவனிங்க. எத்தனையோ மாசமா ஒருத்தனும் திரும்பிப் பாக்காத இடத்துல, நான் ரெண்டு நிமிசம் நேர்ல பேசினேன், வான்னுட்டான். தெரு பூராவும் கடலைமிட்டாய் குடுத்தேன். இவ கதவைச் சாத்திக்கிட்டா.

அப்புறம் அவங்கம்மா சொல்லித்தான் முழுசாத் தெரிஞ்சுச்சு. அந்த புரொபசர், ரெண்டு பேருமே நல்லாச் செஞ்சீங்க, நீதான் ஒரு படி மேல, ஆனா இன்னொரு பையனுக்கு வீட்டுல வசதி இல்ல, சம்பளம் இல்லாட்டி அவனால வர முடியாது, உங்க வீட்டுல பாத்துக்கிடுவாங்கன்னு உங்கப்பா சொன்னதால அந்தச் சம்பளத்தை அவனுக்குக் குடுத்துட்டேன், நீ சம்பளம் இல்லாம வந்து சேந்துக்கோன்னு எழுதியிருக்காரு. இவ உடனே திருப்பி எழுதிட்டா. எங்கப்பா மரியாதைக்காகச் சொன்னாரு, எங்க வீட்டுலயும் வசதி கிடையாதுன்னு. அதுக்கு அவரு, ரொம்ப வருத்தம்மா, அந்தப் பையன்கிட்ட வாக்குக் குடுத்தாச்சுன்னுட்டாரு.

நான் கேக்கேன், எதுக்குத் திருப்பி எழுதணும்? பேசாம போய்ச் சேந்திருந்தா, வேலையைப் பாத்துட்டு ரெண்டாவது மாசம் அவரே குடுத்திருப்பாரு. முதத் தவணைதானே நாம கட்டுறது? இவ வசதி இல்லைன்னு எழுதினதுலதான் எல்லாம் கெட்டுச்சு. நான் கட்டிவெச்சதை இவ கலைச்சுட்டா. அதைச் சொன்னேன். தப்பா?

தங்குறதுக்குப் பணம் நான் அனுப்புதேம்மான்னும் சொன்னேன். எப்படி அனுப்புவீங்கன்னு கேக்கல. என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "வேண்டாம்ப்பா"ன்னுட்டா. அதான் எங்கிட்ட அவ நேராப் பேசின கடைசி வார்த்தை.

போன கோடை பூரா அவ காலேஜ் மெஸ்லயே தட்டுக் கழுவியிருக்கா சார். மெஸ்ல வேலை பாக்குற பிள்ளைகளுக்கு மட்டும் லீவுலயும் ஒரு அறை தருவாங்களாம். அணுவைக் குளிர வைக்கப் போன பிள்ளை, வெந்நீர்ல கையை விட்டுத் தட்டுக் கழுவிக்கிட்டிருந்துச்சு. வீடியோவுல அவங்கம்மாகிட்டக் கையைக் காட்டுவா. நான் பக்கத்துல போனா போனை அந்தப் பக்கம் திருப்பிருவா. ஓரத்துல நின்னு நானும் பாத்தேன். தோல் உரிஞ்சு போயிருந்துச்சு. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல சார். இருந்தாலும் பிடிவாதம் பிடிச்சா யாரு என்ன செய்ய முடியும்?

இப்ப மறுபடி டிசம்பர் லீவுக்கு வந்திருக்கா. ஒரே வீட்டுல இருக்கோம். "அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லும்மா." "அம்மா, அப்பா கண்ணாடி இங்க இருக்கும்மா." நான் எதுத்தாப்புலதான் உக்காந்திருப்பேன். நானும் அவங்கம்மாவைப் பாத்தே பதில் சொல்லிப் பழகிட்டேன். நடுவுல நிக்கிற அந்தப் பொம்பளைக்குத்தான் வாய் வலிக்கும். சண்டை போட்டாலும் பரவாயில்ல சார். கத்தட்டும், நாலு வார்த்தை ஏசட்டும். இது ஆளை அப்படியே அரிச்சுத் தின்னுது.

இந்தக் கோடைதான் அவளுக்குக் கடைசி. இதுல ஒரு லேப்ல வேலை பாத்தாத்தான் மேல் படிப்பு. இல்லாட்டி டிகிரியை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். இந்தத் தடவையும் ஒரு புரொபசர் பேசப் போறாருன்னு பேச்சு அடிபட்டுச்சு. ஒரு அம்மாவாம். இதுவும் சம்பளம் குடுக்கற இடமாம். எப்பன்னு வெங்கடேஸ்வரிகிட்டக் கேட்டேன். அடுத்த வாரம்னா. நானும் சும்மா இருப்பேனா? புதுசா ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் குடுத்திருக்கேன், சனிக்கிழமை தாரேன்னிருக்கான் டெய்லர். இந்தத் தடவை சம்பளத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். அதை மட்டும் கத்துக்கிட்டேன். ஒரு வணக்கம், காபி சாப்பிட்டீங்களாம்மா, எங்க பிள்ளையை உங்க பிள்ளையா நினைச்சுக்கோங்க. அவ்வளவுதான். அதுல என்ன வந்துரப் போகுது?

என்ன சார், உங்களுக்கு இருமல் வந்துட்டுது. தண்ணி இருக்கு, குடிங்க.

பாருங்க, கோவில்பட்டி பஸ்ஸா வருது அந்தப் பக்கம். நம்ம மதுரை பஸ்ஸைத்தான் காணோம். எனக்கு என்ன தோணுது தெரியுமா? பேசாம ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னு, வர்ற பஸ்ல வீட்டுக்கே திரும்பிரலாம்னு தோணுது. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். இந்தக் கறிவேப்பிலையை நாளைக்குக் குடுத்தா என்ன, வாடியா போகும்? வாடினாத்தான் என்ன? வீட்டுலயும் இன்னைக்கு ஏதோ வேலை நடக்குது. ஆள் இருந்தா ஒத்தாசையா இருக்கும். விந்தியா ஏதோ ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆன்லைன்ல பாடம் எடுக்கப் போறாளாம். வெங்கடேஸ்வரி காலையிலயே அந்த வெள்ளைப் போர்வையைத் துவைச்சுக் காயப்போட்டா. எதுத்த வீட்டுல போயி நாயைக் கட்டச் சொல்லிட்டு வந்தா. ஸ்கூல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க எதுக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம்னு நினைச்சேன். சந்தனக் கலர்ச் சட்டை வேற. சரி, வாத்தியாருன்னா சுத்தபத்தமா இருக்க வேண்டியதுதானே.

இருங்க, ஏன் சார் கையைப் பிடிக்கீங்க? மதுரைக்கே போவோம்கீங்களா? எனக்கென்ன அங்க வேலை? போங்க சார், உங்க பையன் கதையை நான் இன்னும் கேக்கவே இல்லைங்கறது வாஸ்தவம்தான், அதுக்காக...

ஒரு நிமிசம். போன் அடிக்குது. கண்ணாடி எங்க... சார், இதுல என்ன பேரு போட்டிருக்கு, பாத்துச் சொல்லுங்க.

விந்தியாவா? நல்லாப் பாருங்க. விந்தியாவா?

அம்மாடி. சொல்லும்மா. அப்பாதான். ஆமா... ஆமா, ஏறியாச்சும்மா. எங்க வந்துட்டேனா? வந்து... விருதுநகர் தாண்டியாச்சு. ஆமாம்மா, தாண்டியாச்சு. சன்னலோரம், நல்லா உக்காந்துதான் வாரேன். இல்லம்மா, திரும்பல. எதுக்குத் திரும்பப் போறேன்? மாமா வீட்டுலதான் தங்குவேன், காலையிலதான் வருவேன். சாப்பிட்டுக்கிடுதேன். நீ சாப்பிட்டியா? என்னம்மா? கேக்கல, சொல்லு. ஆங்... சரிம்மா. சரி. நீ வேலையைப் பாரு. வெச்சிருதேன்.

பொய் சொல்லுதானேன்னு பாக்காதீங்க சார். பஸ் நின்னுபோச்சு, இன்னும் சாத்தூரே வரலன்னு சொன்னா பிள்ளை பதறும். எதுக்குப் பதற விடணும்? விருதுநகர் தாண்டியாச்சுன்னதும் ஒரு மூச்சு விட்டா பாருங்க, போன்லயே எனக்குக் கேட்டுச்சு. ஒரு வருஷம் கழிச்சு, அப்பான்னு கூப்பிட்டு, எங்க வந்திருக்கீங்கன்னு கேக்கா. நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சுக்கிடணும் அவளுக்கு. அக்கறை இல்லாமலா?

குரல் நடுங்குச்சு சார். அன்னைக்கும் அந்த ஹென்ட்ரிக்ஸன் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் நடுங்குச்சு.

கடைசியில என்ன சொன்னா தெரியுமா? தேங்க்ஸ்ப்பான்னா. எதுக்குத் தேங்க்ஸ்? கறிவேப்பிலை கொண்டு போறதுக்கா?

பின்னாடி நாய்ச் சத்தமே கேக்கல. எங்க தெருவுல அந்த நாய் குலைக்காத சாயங்காலம் கிடையாது.

வேண்டாம் சார், தண்ணி வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல. தூசி.

அந்தப் பக்கம் இன்னொரு கோவில்பட்டி பஸ் போகுது. போகட்டும். இனிமே நான் எதுக்குத் திரும்பிப் போறேன்?

அந்தா, லைட் தெரியுது பாருங்க, நம்ம பஸ்தான். கண்டக்டர் கையைக் காட்டுதாரு. புஸ்தகத்தைப் பத்திரமாப் பிடிங்க, கூட்டமாத்தான் வரும் போல. நிக்க இடம் கிடைச்சாப் போதும், படியில தொத்திக்கிட்டாச்சும் போயிரணும். பிள்ளைகிட்ட விருதுநகர் தாண்டிட்டேன்னு சொல்லியாச்சு. தாண்டணும்ல.